முடக்குவாதமும் தன்னுதவியும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

தீராத நோயொன்றுடன் நெடுங்காலம் வாழவேண்டியவர், அந்நோயின் இயல்பை அறிந்து, வைத்தியர் அருகில் இல்லாத நாட்களில் தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் முறையைத் தன்னுதவி எனலாம். மூட்டு நோய்களைப் பொறுத்தவரை இம்முறையை ஒழுங்கான பாடத்திட்டமாக வகுத்தவர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேற் லோறிக் ஆவார். 1970களின் இறுதியில் தொடங்கிய அப்பாடத்திட்டத்தின்படி நோயாளர் வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஆறு வாரங்களுக்குச் சிறு குழுக்களாகக் கூடினர். அவர்களைப் பயிற்றுவித்தோர் பெரும்பாலும் வைத்தியரல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. அவர்களுட் பலர் தாமும் மூட்டு நோயுடையோர்.

இவ்வழியில் எழுந்த கைநூல்கள் இன்று பல மொழிகளில் உள்ளன. அவற்றின் அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றேயாம். காலையில் மூட்டுகள் இளகும்வரை பொறுத்திருங்கள்; வெந்நீரிற் கைகளை அமிழ்த்துங்கள்; வேலையைப் பகுத்துக்கொண்டு இடையிடையே ஓய்வெடுங்கள்; விரல்நுனியாற் கிள்ளிப் பிடிக்கும் வேலைகளைத் தவிருங்கள். மருத்துவ நோக்கில் இவை யாவும் சரியானவை. ஆயின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் உழைக்கும் பெண்ணொருத்தியிடம் இவற்றைக் கூறும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. காலைப்பொழுது அவளுடையதன்று, அது பிரட்டுக்களத்துக்கு உரியது. விரல்நுனியாற் கிள்ளிப் பிடிப்பதுதான் அவளது தொழில். இந்நிலையில், அவள் தானே செய்யத்தக்கவை எவை, தோட்டமும் தொழிற்சங்கமும் அரசும் செய்து கொடுக்கவேண்டியவை எவை எனப் பிரித்துக் காண்பது அவசியமாகின்றது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் நோயும்

முக்குற்றக் கோட்பாட்டின் வழிவந்த ‘வாதம்’ என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல நோய்களுக்கு வழங்குகின்றனர். பக்கவாதம் மூளையின் குருதியோட்டம் தடைப்படுவதால் நேர்வது. இளம்பிள்ளைவாதம் வைரசுத் தொற்று. முழங்கால் தேய்ந்து வலிப்பதும் வாதம். பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வீங்குவதும் வாதம். ஊர்வழக்கிற் சரவாங்கி எனவும் சுட்டப்படும் முடக்குவாதமும் இவற்றோடு ஒன்றாக எண்ணப்படுகின்றது. இதனால் ஒரு தீங்கு விளைகின்றது. ‘வாதம் வயதோடு வருவது, மழையிலும் ஈரத்திலும் நின்றால் வருவது, அதற்கு மருந்தில்லை’ என்ற பொதுக்கருத்து, மருந்தால் அடக்கத்தக்க ஒரு நோயையும் மூடிவிடுகின்றது.

ஈரமும் குளிரும் இந்நோயைத் தோற்றுவிப்பதில்லை. இருக்கும் வலியை அவை மிகுதியாக உணரச் செய்யக்கூடும். நோயின் காரணம் உடலினுள்ளே இருக்கின்றது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் பாதுகாப்பு அமைப்பு, நெறிபிறழ்ந்து, மூட்டுகளை உட்புறமாகப் போர்த்தியுள்ள மென்சவ்வையே தாக்குகின்றது. அச்சவ்வு வீங்கித் தடித்து, காலப்போக்கிற் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து, தசைநார்களைத் தளர்த்துகின்றது. விரல்கள் கோணுவது இதன் பின்விளைவாகும். பரம்பரைக் கூறுகள் இந்நோய்க்கு இடமளிக்கின்றன. புகைத்தல் அதனைத் தூண்டும் காரணிகளில் நன்கு நிறுவப்பட்டதொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய 70 வீதத்தினர் பெண்கள். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

இதனை ஏனைய மூட்டு வலிகளிலிருந்து பிரித்தறியச் சில அடையாளங்கள் உதவும். தேய்வினால் வரும் வலி பெரும்பாலும் உழைப்போடு கூடி மாலையில் மிகும், ஓய்வில் தணியும். முடக்குவாதத்தின் வலியோ ஓய்வுக்குப் பின்னரே மிகும். விடியற்காலையில் விரல்களை மடக்க முடியாதவாறு ஒரு விறைப்பு ஏற்பட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். விரல்களின் அடிமூட்டுகள், நடுமூட்டுகள், மணிக்கட்டுகள், பாதவிரல்களின் அடி ஆகிய சிறு மூட்டுகளே பெரும்பாலும் முதலில் வீங்கும்; இரு கைகளிலும் ஒருங்கே வீங்குவது வழக்கம். ஒருவரின் கையைக் குலுக்குவது போற் பிடித்து, விரலடி மூட்டுகளை இருபுறமிருந்தும் மெல்ல அழுத்தும்போது வலியெடுப்பின் ஐயுறவு வலுப்பெறும். இவற்றுடன் காரணமறியாத களைப்பும் சோர்வும் இருக்கும். தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருப்பதால், இக்களைப்பு அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடுவதுண்டு.

சிக்குன்குன்யாக் காய்ச்சலையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 2006இன் இறுதியிலும் மீண்டும் 2025இலும் இலங்கையிற் பரவிய இக்காய்ச்சலின் பின், சிலருக்கு மூட்டு வீக்கம் மாதக்கணக்கில் நீடித்து முடக்குவாதம் போலவே தோன்றும். எனவே காய்ச்சலுக்குப் பின் வந்த வலி என்பதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். அவ்வலி ஆறு வாரங்களுக்கு மேலும் வீக்கத்துடன் நிற்குமாயின் அதனைக் காய்ச்சலின் எச்சம் என்று விட்டுவிடலாகாது.

காலமும் மருந்தும்

தன்னுதவியில் முதன்மையானது உரிய காலத்திற் சிகிச்சையை நாடுவதாகும். எலும்பரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகின்றது. நோய் தொடங்கிய முதற் சில மாதங்களுக்குள் தக்க மருந்து தொடங்கப்பட்டால் அதனை அடக்கிவைக்கும் வாய்ப்பு மிகுதி. அரிக்கப்பட்ட எலும்பை எம்மருந்தும் மீட்டுத் தருவதில்லை. ஆதலால் சிறு மூட்டுகளின் வீக்கம் ஆறு வாரம் நீடித்தால், தோட்ட மருந்தகத்தில் வலிமாத்திரை பெறுவதோடு நில்லாது, அரச வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதத்தைக் கேட்டுப் பெறல் வேண்டும். கரவனல்ல, பலாங்கொடை போன்ற ஆதார வைத்தியசாலைகள் ஊடாக இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்குச் செல்லலாம். அரச வைத்தியசாலைகளின் கிளினிக்குகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இரத்தப் பரிசோதனையில் வாதக்காரணி இல்லை என முடிவு வந்தாலும் நோயில்லை எனக் கொள்ளலாகாது. அக்காரணி தென்படாமலே நோயுற்றோரும் உளர்.

வலியைத் தணிக்கும் மருந்தும் நோயை அடக்கும் மருந்தும் வேறுவேறு என்பது இரண்டாவதாக அறியவேண்டியது. டைக்கிளோபெனக் போன்றவை வலியையும் வீக்கத்தையும் சில மணி நேரம் குறைக்கும், எலும்பரிப்பைத் தடுக்கமாட்டா. நாட்பட உண்டால் இரைப்பையிற் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரலாம். பிரெட்னிசொலோன் முதலிய ஸ்ரெரொயிட் மருந்துகள் விரைந்து சுகம் தருவன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பார் கோற்றிசோனை முதன்முதல் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தபோது அது அற்புதமெனக் கருதப்பட்டது. 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயின் நாட்பட உண்போருக்கு எலும்பு மென்மையாதல், நீரிழிவு, முகவீக்கம், தொற்று ஆகியன விளைதல் பின்னர் தெளிவாயிற்று. கடைகளிலும் வாகனங்களிலும் விற்கப்படும் பெயரற்ற வாதத்தூள், வாதமாத்திரை ஆகியன ஒரே இரவில் வலியை நீக்குமாயின், அவற்றில் ஸ்ரெரொயிட் கலந்திருக்கலாம் என ஐயுறுவதே அறிவுடைமை. பலநாள் உண்ட பின் அவற்றைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரிடம் உண்மையைக் கூறிப் படிப்படியாகவே விடவேண்டும்.

நோயை அடக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெதொட்ரெக்சேற். சல்பசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின், லெப்லுனமைட் என்பன ஏனையவை. மெதொட்ரெக்சேற் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணும் மருந்து. அதனைத் தவறுதலாக நாள்தோறும் உண்டவர்கள் உலகின் பல நாடுகளில் உயிரிழந்துள்ளனர். மருந்துறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட குறிப்பை வாசிக்க இயலாத தோட்டத் தொழிலாளிக்கு இவ்வாபத்து இரட்டிப்பாகும். எனவே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். சனிக்கிழமை இரவு பொருத்தமானது. மறுநாள் குமட்டலோ சோர்வோ இருப்பின் அன்று ஞாயிறு. உறையின்மேல் ‘சனிக்கிழமை மட்டும்’ எனத் தமிழில் எழுதுவித்துக்கொள்ளவேண்டும். வேறு நோய்க்கு வேறு வைத்தியரிடம் சென்றாலும் அவ்வுறையைக் காட்டவேண்டும். அதனோடு தரப்படும் போலிக் அமில மாத்திரையை வைத்தியர் குறித்த வேறு நாளில் உண்ணல் வேண்டும். இம்மருந்தின் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். இரண்டு வாரத்திற் பலனில்லை என நிறுத்திவிடுதல் பரவலான தவறு.

ஈரலையும் இரத்தத்தையும் இது பாதிக்கக்கூடுமாதலால் குறித்த காலங்களில் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. சாராயமும் கசிப்பும் ஈரற்கேட்டை மிகுவிக்கும். கருவுற்ற பெண்ணும் கருவுற எண்ணும் பெண்ணும் மெதொட்ரெக்சேற் உண்ணவே கூடாது. திருமணமான இளம் பெண்கள் இதனை வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ முன்கூட்டியே கூறவேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல், வறட்டிருமல் என்பன தோன்றின் அடுத்த வேளையை உண்ணாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எலிக்காய்ச்சலும் டெங்கும் மிகுந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எந்தக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யலாகாது.

உழைப்பும் மூட்டும்

நோயின் ஒழுங்கும் தோட்ட உழைப்பின் ஒழுங்கும் ஒன்றோடொன்று மோதுவதை மூன்று இடங்களிற் காணலாம்.

முதலாவது காலைப்பொழுது. றப்பர் மரத்திற் பால் நன்கு சுரப்பது குளிர்ந்த விடியற் பொழுதிலாகையால், வெயில் ஏறுமுன் பால் வெட்டுபவர் மலையேறிவிடவேண்டும். ஏறக்குறைய 300 மரங்கள் கொண்ட பங்கொன்றில், மரத்துக்கு மரம் சென்று, பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோட்டமாயின் பால் வராது. மணிக்கட்டின் நுண்ணிய கட்டுப்பாட்டை வேண்டும் இவ்வேலை, மணிக்கட்டு விறைத்திருக்கும் அதே மணி நேரத்தில் நிகழ்கின்றது.

இரண்டாவது விரல். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும் அசைவு, கொழுந்து பறிப்பவரின் கையில் ஒரு நாளிற் பல்லாயிரம் முறை நிகழும். குறித்த நிறையை எட்டாவிடின் அரைப்பேர் விழும். கைநூல் கூறும் இடையோய்வு இங்கே நேரடியாகக் கூலிக் குறைப்பாக மாறுகின்றது.

மூன்றாவது கழுத்து. இது அதிகம் பேசப்படாதது. ஆயின் மிகவும் ஆபத்தானது. நாட்பட்ட முடக்குவாதம் கழுத்தின் முதலிரு எலும்புகளைப் பிணைக்கும் நார்களையும் தளர்த்தக்கூடும். அந்நிலையில் தலைக்கயிற்றிற் பாரம் தொங்கவிட்டுச் சரிவில் இறங்குவது முள்ளந்தண்டு நரம்பை நசுக்கக்கூடும். பிடரியிலிருந்து தலைக்கு ஏறும் வலி, தலையைக் குனியும்போது முதுகில் மின்னதிர்ச்சி போன்ற உணர்ச்சி, கைகால் மரத்தல், நடையிற் தள்ளாட்டம் என்பன தோன்றின், அன்றே தலைச்சுமையை நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும். நோய் பல்லாண்டாக உள்ளவர்கள் இக்குறிகள் தோன்றுமுன்னரே பாரத்தைத் தலையிலிருந்து இடுப்புக்கோ தோளுக்கோ மாற்றிக்கொள்ளுதல் நன்று.

கையைப் பேணல்

இனி, தொழிலாளி தானே செய்யத்தக்கவற்றை நோக்குவோம். மூட்டுப் பாதுகாப்பின் அடிப்படை விதி எளியது: சிறு மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கும், ஒரு கையின் வேலையை இரு கைகளுக்கும் மாற்றுதல். பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குடத்தை விரல்களிற் தொங்கவிடாது, முன்கையால் அணைத்து இடுப்பிற் தாங்கலாம்; பெரிய கலன் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய இரண்டினைப் பயன்படுத்தலாம். துணியை முறுக்கிப் பிழியாது, குழாயிலோ கம்பத்திலோ சுற்றி உள்ளங்கைகளால் அழுத்தி நீர் வடிக்கலாம். கத்தி, கரண்டி, பால்வெட்டுக் கத்தி ஆகியவற்றின் பிடியிற் பழந்துணியோ சைக்கிள் ரியூபோ சுற்றித் தடிப்பாக்கினால், பிடிக்கும் விசை குறையும். இருக்கையிலிருந்து எழும்போது விரல்களை ஊன்றாது உள்ளங்கையை விரித்து ஊன்றவேண்டும். அடுப்படியிற் குந்தியிருப்பதற்குப் பதிலாக ஒரு சிறு பலகையில் அமரலாம்.

காலை விறைப்புக்கு, பிரட்டுக்குப் புறப்படுமுன் பொறுக்கத்தக்க சூடுள்ள நீரிற் பத்து நிமிடம் கைகளை அமிழ்த்தி, அந்நீரினுள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரித்தல் பயன் தரும். தேநீருக்குக் கொதிக்கும் நீரிற் சிறிது கூடுதலாக வைத்தால் இதற்கெனத் தனி விறகு வேண்டியதில்லை. ஆயினும் அதிகாலையிற் சமைப்பதும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதும் பெண்ணின் தலையிலேயே இருக்கும்வரை இப்பத்து நிமிடமும் கிடைப்பதரிது. வீட்டிலுள்ள ஆண்களும் இவ்வேலைகளைப் பகிர்தல் இங்கே மருத்துவத் தேவையாகும்.

கைப்பயிற்சி வலியைக் கூட்டும் என்ற அச்சம் பொதுவானது. பிரித்தானியாவில் 490 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, முறையான கைப்பயிற்சி கையின் தொழிற்பாட்டை மேம்படுத்துகின்றது என்றும், அதனால் வலி மிகுவதில்லை என்றும் காட்டிற்று. விரல்களைக் கொக்கிபோல் மடக்குதல், முழுமுட்டியாக்குதல், விசிறிபோல் விரித்தல், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுதல், மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தல் என்பன எவ்விடத்திலும் செய்யத்தக்கவை. வலுவேற்றுவதற்கு, ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தலாம். மூட்டு சிவந்து சுடும் நாட்களில் வலுப்பயிற்சியை நிறுத்தி, மெல்லிய அசைவை மட்டும் தொடரவேண்டும். எவ்வேலையும் பயிற்சியும் முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடிக்குமாயின், அது மிகையாயிற்று என அறிந்து மறுநாள் குறைத்துக்கொள்வது நல்ல அளவுகோல்.

பீடி, சிகரெட் என்பவற்றை விடுதல் நோயின் வேகத்தையும் மருந்தின் பலனையும் பாதிக்கும் செயலாகும். ஈறுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பல்லையும் ஈறையும் பேணவேண்டும். வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லுதல் வாய்ப்புற்றுநோய்க்கும் காரணமாதலின் இரு வகையிலும் விடத்தக்கது.

தன்னுதவியின் எல்லை

லோறிக்கும் அவர்தம் குழுவினரும் தம் பாடத்திட்டத்தைப் பின்பற்றியோரை நான்கு ஆண்டுகளின் பின் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். வலி சராசரி 20 வீதம் குறைந்திருந்தது. வைத்தியரிடம் செல்லும் தடவைகள் 40 வீதம் குறைந்திருந்தன. ஆயின் உடலியலாமை 9 வீதம் கூடியிருந்தது. இம்முடிவு இரு பாடங்களைத் தருகின்றது. தன்னுதவி வலியையும் அச்சத்தையும் குறைத்து, நோயாளிக்குத் தன் வாழ்வின்மீது ஒரு பிடியைக் கொடுக்கின்றது. எனினும் மூட்டின் அழிவை அது தடுப்பதில்லை. அதற்கு மருந்தும் உழைப்பு நிலைமைகளின் மாற்றமும் வேண்டும். இதனை மறந்து, ‘உன் நோயை நீயே கவனித்துக்கொள்’ எனத் தொழிலாளியிடம் கூறுவது பொறுப்பை மேலிருந்து கீழே தள்ளுவதாகவே முடியும்.

தோட்ட மருத்துவத்தின் வரலாறு இதனை விளக்கும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொடக்கம் 1912ஆம் ஆண்டின் சட்டங்கள் வரை, குடியேற்றவாத அரசின் ஏற்பாடுகள் தொழிலாளியை மீண்டும் வேலைக்களத்துக்கு அனுப்புவதையே மையமாகக் கொண்டிருந்தன. காய்ச்சல், கொழுக்கிப்புழு, மகப்பேறு என்பன அவற்றின் கவனத்தைப் பெற்றன. 1970களின் தேசியமயமும் 1992இல் தொடங்கிய கம்பனி நிருவாகமும் வந்த பின்னரும் அவ்வமைப்பு முற்றாக மாறவில்லை. பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கவேண்டிய நோய்க்கு அதில் இடம் குறைவு. நுவரெலியாவைப் போலன்றி, சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பன. தமிழ் மக்கள் இங்கு சிறு தொகையினர். 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயினும், கிளினிக்கில் வைத்தியரின் சொல் நோயாளியை அடைவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளையொன்றின் மொழிபெயர்ப்பு வழியாகவே. வாரத்துக்கு ஒரு முறை என்பது நாளுக்கு ஒரு முறை என மாறுவதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை.

ஆதலால் தன்னுதவி இங்கே கூட்டுதவியாக மாறல் வேண்டும். லோறிக்கின் பாடத்திட்டம் வைத்தியரல்லாதோரால் நடத்தப்பட்டது என்பது எமக்கு முக்கியமானது. மாதர் சங்கம், சனசமூக நிலையம், தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டி என்பன அதற்குரிய களங்களாகலாம். தொழிற்சங்கங்கள் கோரத்தக்கனவும் உண்டு. வைத்தியச் சான்றுடைய முடக்குவாத நோயாளருக்கு நாற்றுமேடை, பிள்ளைக்காம்பரா, கொழுந்து நிறுவை போன்ற மாற்று வேலை, காலை விறைப்பு நீங்கும்வரை தாமதித்துத் தொடங்கும் அனுமதி, குறைந்த நிறையளவு, கிளினிக் நாளுக்குக் கூலிவெட்டின்மை, தலைக்கயிற்றுக்கு மாற்றான பை. நிரந்தரமாக உழைக்க இயலாதவரென வைத்தியச் சான்று பெற்றோர் ஊழியர் சேமலாப நிதியை ஓய்வு வயதுக்கு முன்னரே கோரலாம் என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. மருந்துறைகளில் ஒட்டத்தக்க தமிழ் அறிவுறுத்தல்கள், நோயாளி கையிற் கொண்டுசெல்லத்தக்க இருமொழிக் குறிப்பட்டை, நான்கைந்து படங்களுடன் கூடிய கைப்பயிற்சித் தாள் என்பன மருத்துவபீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் சேர்ந்து ஒரு விடுமுறைக் காலத்தில் ஆக்கத்தக்கவை. அக்குறிப்பட்டையில் நோயின் பெயர், மருந்தின் பெயர், உண்ணும் கிழமை, அடுத்த இரத்தப் பரிசோதனை நாள், மருந்தை நிறுத்தவேண்டிய அறிகுறிகள் ஆகிய ஐந்தும் இருப்பின் போதும். வாதம் விதியென்னும் எண்ணத்தைக் குலைத்து, முதல் வீக்கத்துக்கும் முதல் மருந்துக்கும் இடையிலான மாதங்களைக் குறைப்பதே தேவை. அம்மாதங்கள் குறையுமளவுக்குத் தோட்டப் பெண்களின் கைகள் அவர்களுக்கே மிஞ்சும்.